பாரம் ஏற்றிய வண்டியின் வெளிச்சம்

தம்பி, அப்பா எழுதுகிறேன். இதை வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு படிக்காதே. சாவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி. பாதியில் கோபம் வரும். வரட்டும். கிழித்துப் போடத் தோன்றும். முழுசாகப் படித்துவிட்டுக் கிழி. உறையை நான் ஒட்டவில்லை, உன் அம்மா ஏற்கெனவே படித்துவிட்டாள். இனிமேல் யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. பெண்ணாடம் லோடு முடிந்து நீ இன்றைக்கு வீட்டுக்கு வரும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். கடலூரில் உன் மாமா ஏழுமலை வீட்டில் இருப்பேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல, ரெண்டாவது நிமிடத்தில் ரெண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இதைச் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நீ சொன்ன கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பட்டு எடுத்துவிட்டுப் பெண் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அண்ணன் தம்பிகள் உன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு வாய் சும்மா இருக்குமா? "வெள்ளிக்கெழம சாயங்காலம், இருட்டி அரை மணி நேரம் இருக்கும் மச்சான். குறிஞ்சிப்பாடியிலேர்ந்து புவனகிரி ரோட்டுல லோடோட வர்றேன். எதிர்ல ஒரு குட்டியானை வண்டி. பிரைட்டப் போடறான், அணைக்கிறான், போடறான், அணைக்கிறான். எவ்ளோ திமிரு பாருங்க. வண்டியக் குறுக்கப் போட்டு எறங்கினேன். கதவத் தொறந்து சட்டையப் புடிச்சு இழுத்துப் போட்டு, மூஞ்சிலயே நாலு. அப்புறம் ஜாக்கி லீவர எடுத்து ஒண்ணு போட்டேன். ஆளு எந்திரிக்கவே இல்ல" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். "மாப்ளகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்டா" என்றான் ஒருத்தன். நானும் சிரித்தேன்டா. வயிறு குலுங்கச் சிரித்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த, நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் நாம் கிளம்பும் வரைக்கும் அவள் வெளியே வரவில்லை. நீ அதைக் கவனிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஏழுமலை வந்தான். வாடகைக்குப் போய்த் திரும்பிய நாற்காலிகளை எண்ணி அடுக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னான். "மாமா, வாழை எலை கொண்டாருவானே செல்வம், குட்டியானை வெச்சிருக்கானே, அவன் கடலூர் பெரியாஸ்பத்திரில கெடக்குறான். எவனோ புவனகிரி ரோட்டுல அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டானாம். தாட எலும்பு ரெண்டாப் போயிடுச்சு. எடது கண்ணுல கட்டு. பார்வ வருமான்னு டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்றாராம்." "அடிச்சவன் யாருன்னு தெரியுமாடா?" என்றேன். "எங்க தெரியும்? லைட்டு கண்ணுல அடிச்சுதாம். மூஞ்சியும் பாக்கல, நம்பரும் பாக்கல. வெளிச்சத்துலேர்ந்து ஒருத்தன் வந்தான், அடிச்சான், வெளிச்சத்துக்குள்ளயே போயிட்டான்னு எழுதிக் காட்டினானாம்." நான் அடுக்கியிருந்த நாற்காலியில் சாய்ந்தேன், பத்து நாற்காலி சரிந்து விழுந்தது. ஏழுமலை ஓடிவந்து பிடித்தான். எனக்கு மயக்கம் என்று நினைத்துக்கொண்டான். அது மயக்கம் இல்லை. அந்தப் பேச்சை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது அடித்தவன் நான்.

சொல்கிறேன், கேள். நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது இந்த பிக்கப்பை வாங்கினேன். அப்போதே அது பழசு. என்ஜின் நன்றாக இருந்தது, லைட்டுதான் சகிக்காது. கண்ணாடி மஞ்சள் பூத்து, உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு உரிந்து, நாலு அடி தள்ளி நிற்கிற மாடுகூடத் தெரியாது. நம் தொழிலோ இருட்டோடு போவதுதான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்டா, அடுப்பு, நாற்காலி எல்லாம் மண்டபத்தில் இறங்கியாக வேண்டும். ஒருநாள் நெல்லிக்குப்பம் ரோட்டில், கரும்பு வெட்டு நேரம், ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அச்சு உடைந்த டிராக்டர் டிரெய்லர் ஒன்று ரோட்டிலேயே நிற்கிறது. பின்னால் விளக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கரும்பு ஓர் ஆள் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்தது கரும்பு கண்ணாடியைத் தொட்ட பிறகுதான். கட்டுக் கட்டாக உள்ளே பாய்ந்தது. ஏழுமலை தலையைச் சாய்த்தான், அவன் காதில் பாதியைப் பிய்த்துக்கொண்டு சீட்டில் குத்தி நின்றது ஒரு கரும்பு. உன் மாமாவை நாய் கடித்தது என்று உனக்குச் சொல்லிவைத்திருந்தோமே, அது பொய். உன் அம்மா பயந்துபோய் வண்டியை விற்கச் சொல்வாள் என்று நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய்.

நான் இறங்கிப் போய் என்ன செய்தேன் தெரியுமா? மச்சானுக்குக் காதில் ரத்தம் கொட்டுகிறது, அதைப் பார்க்கவில்லை. டிரெய்லருக்கு அடியில் படுத்து அச்சைப் பார்த்துக்கொண்டிருந்த டிராக்டர்காரனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவன் ஏற்றி வந்த கரும்பையே உருவி அடித்தேன். அது நார் நாராகக் கிழிகிற வரைக்கும் அடித்தேன். அவன் முதுகெல்லாம் கரும்புச் சாறும் ரத்தமும் ஒன்றாக ஒழுகியது. அவன் மேல் தப்பு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குத் தப்பு ஒரு பொருட்டே இல்லை. அடிக்க ஓர் ஆள் கிடைத்தான், அவ்வளவுதான். அடித்து முடித்ததும் மனசு லேசாக இருந்தது. அந்த லேசு இருக்கிறதே, அது பொல்லாத ருசி. உனக்கும் வெள்ளிக்கிழமை அது இருந்திருக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதைப் பேசிக்கொண்டிருந்தாய்.

மறுவாரமே கடலூர் முதுநகரில் காதர் பாய் பட்டறைக்குப் போனேன். வண்டி எலக்ட்ரிக் வேலையில் அவரை அடிக்க ஆள் இல்லை. பழைய லைட்டைக் கழற்றிப் புது ரிப்ளெக்டர் வைத்து, தடிமனான ஒயர் இழுத்து, ரிலே போட்டு, அந்தக் காலத்தில் கிடைத்ததிலேயே பெரிய பல்பாகப் போடச் சொன்னேன். அவர் போட்டார். லைட்டு நடுவில் போலீஸ்காரர்கள் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார்களே, அதை ஒட்ட வந்தார். "அதெல்லாம் வேணாம், மொத்த வெளிச்சமும் எனக்கு வேணும்" என்று தட்டிவிட்டேன். "சரி, ஒரு நாள் லோடு ஏத்திக்கினு வாங்க. லோடுலதான் லைட்ட எறக்கி வெக்கணும். இப்ப வெச்சா சரியா இருக்காது" என்றார். "லோடோட ஒங்க கடைக்கு வர்றதுக்கு எனக்கு வேற வேலவெட்டி இல்லியா பாய்?" என்று சொல்லிவிட்டு, வெறும் வண்டியை வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு நேராக நிறுத்தி நானே திருகிச் சரிபண்ணிக்கொண்டேன். சுவரில் வெளிச்சம் கனகச்சிதமாக இடுப்பு உயரத்தில் விழுந்தது. பெருமையாக இருந்தது.

இதில்தான் விஷயம் இருக்கிறது, கவனமாகப் படி. வெறும் வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும். இருநூறு நாற்காலி, நாலு அண்டா, இரும்பு அடுப்பு எல்லாம் ஏற்றினால் பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை அமுங்கி, மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். சுவரில் இடுப்புக்கு விழுந்த வெளிச்சம் ரோட்டில் எதிரே வருகிறவன் கண்ணுக்கு நேராகப் போய் நிற்கும். டிம் போட்டாலும் அவனுக்கு அது பிரைட்டுதான். உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கோ ரோடு பளபளவென்று தெரியும். நம்மால் அவன் குருடாகிறான் என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. புது லைட்டு போட்ட நாளிலிருந்து எதிரில் வருகிறவன் எல்லாம் என்னைப் பார்த்து லைட்டை அடித்து அடித்து அணைத்தான். எனக்கு அது வம்பாகத்தான் பட்டது. நம் வெளிச்சத்தைப் பார்த்து வயிறெரிகிறான்கள் என்று உன் மாமாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் டிம்மில்தானே இருக்கிறேன், அப்புறம் எவன் என்னைக் கேட்பது என்று பதிலுக்கு பிரைட்டை ஏற்றி விடுவேன். ஒரு லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான், துரத்திப் போய் அவன் கண்ணாடியில் செங்கல்லை விட்டேன். ஒரு பஸ் டிரைவரின் சட்டையைக் கிழித்தேன். ஊரே என்னோடு சண்டைக்கு நிற்கிறது என்று நினைத்தேன். நான் ஊரோடு சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் புவனகிரி வெள்ளாற்றுப் பாலம். சிதம்பரத்து மண்டபம் ஒன்றுக்கு முழு லோடோடு போகிறேன், தனியாக. பொழுது விழுந்துவிட்டது. எதிரே இளநீர் ஏற்றிய டெம்போ ஒன்று பாலத்துக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது. நகரவே இல்லை. லைட்டை மட்டும் அடித்து அடித்துக் காட்டினான். ஹாரன் அடித்தேன், நகரவில்லை. மண்டபத்தில் சமையல்காரன் அண்டாவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. லைட்டை எரியவிட்டபடியே இறங்கினேன், லீவரோடு. அவன் கதவைத் திறந்து இறங்கி, கையை முகத்துக்கு நேராகத் தூக்கினான். என்னை அடிக்கத்தான் ஓங்குகிறான் என்று நினைத்தேன். அந்தக் கையிலேயே ஓங்கிப் போட்டேன். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. "அண்ணே, கண்ணு தெரியலண்ணே, கண்ணு தெரியலண்ணே" என்று கத்தினான். பயந்து உளறுகிறான் என்று நினைத்து மறுபடி போட்டேன், அதே மணிக்கட்டில். பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் சுருண்டு விழுந்தான். டெம்போவை நானே பின்னால் எடுத்து ஓரம் கட்டிவிட்டு, என் வண்டியில் ஏறிப் போய்விட்டேன். அண்டா நேரத்துக்கு இறங்கியது. அன்றைக்குச் சாப்பாட்டில் அப்பளம் நன்றாக இருந்தது என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, பார்த்துக்கொள். ரெண்டு நாள் கழித்துப் பாலத்துப் பக்கத்து டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அடித்தவன் முகத்தை அவன் பார்க்கவில்லையாம், வெளிச்சத்திலிருந்து வந்து வெளிச்சத்துக்குள் போய்விட்டானாம். தப்பித்தோம் என்று நினைத்து இன்னொரு டீ சொன்னேன்.

நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரிய நாலு மாதம் ஆனது. அன்றைக்கு ஏழுமலை நம் வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போய்க்கொண்டிருந்தான். நான் பைக்கில் முன்னாலேயே போய் மண்டபத்துக்காரரிடம் பேசிவிட்டு, குறிஞ்சிப்பாடி திரும்பிக்கொண்டிருந்தேன். அதே நேரம்தான், பொழுது விழுகிற நேரம். புவனகிரி தாண்டியதும் எதிரே ஒரு வண்டி வந்தது. அவ்வளவுதான் தெரியும். ரோடு இல்லை, மரம் இல்லை, என் பைக்கின் ஹேண்டில்கூட இல்லை. எல்லாம் வெள்ளையாகிவிட்டது. வாய்க்காலில் போய் விழுந்தேன். முட்டி பிளந்து எலும்பு தெரிந்தது. எனக்கு வலிக்கவில்லை, கோபம்தான் வந்தது. கையில் அகப்பட்ட கருங்கல்லை எடுத்துக்கொண்டு நொண்டியபடியே மேலே ஏறி, நின்றிருந்த வண்டியின் முன்கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். பொடிப்பொடியாகப் போனது. கதவைத் திறந்து டிரைவரின் முடியைப் பிடித்து வெளியே இழுத்து, வாயிலேயே ரெண்டு குத்து விட்டேன். "மாமா! நாந்தான் மாமா! ஏழுமலை மாமா!" என்று அலறினான். என் வண்டி. என் மச்சான். நான் போட்ட லைட்டு.

அவன் பல் ஒன்று உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். எனக்கு அப்போதும் அடங்கவில்லை. "டிம் போட்டு ஓட்டினா என்னடா கேடு ஒனக்கு?" என்று கத்தினேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு அழுதபடி சொன்னான், "டிம்முலதான் மாமா இருக்கு. நீயே போயி பாரு." எட்டிப் பார்த்தேன். டிம்மில்தான் இருந்தது. வண்டிக்கு முன்னால் போய் நின்று அந்த லைட்டைப் பார்த்தேன். ரெண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அந்த இளநீர்க்காரன் கையைத் தூக்கியது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலைதான் என்னைத் தூக்கி வண்டியில் போட்டான். அவன் இன்றுவரைக்கும் அந்தப் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாளே காதர் பாயிடம் போய்ப் பழைய சாதாரண பல்பைப் போடச் சொல்லி, லோடு ஏற்றிவைத்து லைட்டை இறக்கிக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் முட்டியைப் பார்த்தார், ஏழுமலையின் வாயைப் பார்த்தார், ஸ்பேனரை எடுத்தார். அப்புறம் அந்த இளநீர்க்காரனைத் தேடிப் போனேன். டெம்போ ஓட்டுவதை விட்டுவிட்டு, புவனகிரியில் தள்ளுவண்டியில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தான். வலது கையில் விரல் மடங்கவில்லை. இடது கையால் வெட்டினான். நாலு தடவை கொத்த வேண்டியிருந்தது, கடைசிக் கொத்து கட்டை விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. "புதுசாப் பழகுறேண்ணே, கோச்சுக்காதீங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான்டா. என்னிடம்! சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். இளநீரைக் குடித்தேன், வந்துவிட்டேன். அப்புறம் எத்தனையோ தடவை போனேன். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் போனேன், உன் அக்கா கல்யாணத்துக்கு இளநீர் முழுக்க அவனிடமே எடுத்தேன். மகராசன் மாதிரி நல்ல கிராக்கி என்று என்னை எல்லோரிடமும் சொல்லுவான். ஒரு தடவைகூட என் வாய் திறக்கவில்லை. போன ஆடியில் போனேன், தள்ளுவண்டி இல்லை. ஆள் போய்ச் சேர்ந்து மூணு மாதம் என்றார்கள். இனி நான் யாரிடம் சொல்ல?

ரெண்டு மாதத்துக்கு முன்னால் நீ எல்.இ.டி பல்பு செட்டை வாங்கிக்கொண்டு வந்தாய். "அப்பா, பழைய பல்பு பீடி நெருப்பு மாதிரி எரியுதுப்பா" என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை. மங்கிய லைட்டோடு ஓட்டச் சொல்கிற அப்பன் நான் இல்லை, கரும்பு உள்ளே பாய்ந்ததைப் பார்த்தவன். காம்பவுண்டுச் சுவருக்கு நேராக வெறும் வண்டியை நிறுத்தி நீ லைட்டைத் திருகிக்கொண்டிருந்தாய். நான் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். லோடு ஏத்திட்டு வைடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், உனக்கெப்படிப்பா தெரியும் என்று கேட்பாய். கேட்டால் பாலத்தைச் சொல்ல வேண்டும். என் பிள்ளை முன்னால் யோக்கியனாக இருக்க வேண்டும் என்று டீயை விழுங்கினேன். "சூப்பரா இருக்குல்ல?" என்று கேட்டாய். "சூப்பர்" என்றேன். அந்த ஒரு வாய் டீக்குத்தான் செல்வத்தின் கண் போனது. லீவரை வீசியது நீ. அதில் பாதிக் கை என்னுடையது. ஆனால் மீதிப் பாதி உன்னுடையது, அதை என் தலையில் இறக்கிவைத்துவிட்டு நீ தூங்கப் போக முடியாது. லைட்டு தப்பாக இருந்ததற்கு நீ பொறுப்பில்லை. இறங்கி அடித்ததற்கு நீதான் பொறுப்பு. அடிபட்டுக் கீழே கிடந்தவனை விட்டுவிட்டு வந்ததற்கும் நீதான்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடித்தது நீதான் என்று சொன்னதும் ஏழுமலை வேண்டாம் என்றான். "ஒருத்தருக்கும் தெரியாது மாமா. கல்யாண நேரம். இத்தோட விட்டுடு" என்றான். அவன் காதையும் பல்லையும் பார்த்தேன், பஸ் ஏறினேன். செல்வத்தின் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பல்லைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவன் பெண்டாட்டி ஸ்ட்ராவில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். உன்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவளாக இருப்பாள். "யாரு நீங்க? எலை வாங்குறவங்களா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன், பார்த்தாயா, அப்போதும் பொய். ஸ்டூலை இழுத்துப் போட்டாள், பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றினாள். "யாருக்கும் ஒரு கெடுதல் நெனைக்காத மனுஷன்ணே. யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள். டம்ளரைக் கீழே வைத்தேன். "என் புள்ளதாம்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அப்புறம் அவள் அந்த பிளாஸ்காலேயே என் தலையில் அடித்தாள். சுடு டீ கழுத்தில் வழிந்தது. செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் மாறி மாறி அடித்தாள். "ஏன்டா, ஏன்டா" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். வார்டே எழுந்து நின்று பார்த்தது. நர்சம்மா பிடித்து இழுத்தும் அவள் விடவில்லை. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை, நான்தான் அடித்திருக்கிறேன். அடிக்கிறவனுக்கு மனசு லேசாகும் என்றேனே, அவளுக்கு ஆகவில்லை. அடித்து முடித்துவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். செல்வம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒற்றைக் கண்ணால். அவனால் பேச முடியாது. மெதுவாக வலது கையைத் தூக்கி, அஞ்சு விரலையும் குவித்து விரித்து, குவித்து விரித்து, அப்புறம் உள்ளங்கையைக் கீழ்நோக்கி ரெண்டு தடவை அமுக்கிக் காட்டினான். ரோட்டில் ஓட்டுகிற எவனுக்கும் அது தெரியும். லைட்டை இறக்கு என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை அவன் உன்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த போலீஸ்காரர் வந்து என்னைக் கேட்டார். உன் பெயரையும் வண்டி நம்பரையும் சொல்லிவிட்டேன், எழுதிக்கொண்டார். இழுத்துக்கொண்டு வரச் சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு நீயே புவனகிரி ஸ்டேஷனுக்கு வருவாய் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெண்ணின் அப்பாவிடமும் சொல்லியாகிவிட்டது. "பையன் மொதல்ல ஸ்டேஷனுக்குப் போவட்டும், அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்" என்றார். பெண்ணிடம் நீதான் பேச வேண்டும், அதை நான் செய்ய மாட்டேன். கல்யாணம் நிற்கலாம். ஜெயிலும் வரலாம். என்னைக் காட்டிக்கொடுத்த அப்பன் என்று நீ ஊரெல்லாம் சொல்லலாம், சொல். என் மேல் கை வைக்க வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வா, நான் ஓட மாட்டேன். ஆனால் என்னைப் போல இருபது வருஷம் ஒருத்தன் முன்னால் இளநீர் குடித்துக்கொண்டு நிற்காதே. அந்த வாழ்க்கையை நான் வாழ்ந்து பார்த்துவிட்டேன், அது ஒரு மனுஷனுக்கும் வேண்டாம். அவன் உயிரோடு இருக்கிறான்டா தம்பி. உனக்குச் சொல்ல ஆள் இருக்கிறான்.

வண்டியை எடுக்காதே, பஸ்ஸில் வா. ஸ்டேஷன் வாசலில் நான் நிற்பேன். அங்கே என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல். முடிந்ததும், அவர்கள் விட்டால், நேராக ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரெண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். அவள் உன்னையும் அடிப்பாள். அடிக்கட்டும். செல்வம் உன்னை ஒரு கண்ணால் பார்ப்பான், அதைத்தான் உன்னால் தாங்க முடியாது. அந்த நேரத்தில் உனக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும், நம் ரத்தத்துக்கு வெட்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். வந்தால், ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நில்.